வடிகட்டிய இரைச்சல்

“ஏட்டி கிறிஸ்டி, உன் கொடியில என் சேலையக் காயப் போட்டா சூரியனுக்குக் கோவம் வந்துருமோ?”

வள்ளித்தாய் இப்படிக் கேட்டது மே மாதக் கடைசியில். சுந்தரபாண்டியபுரத்தில் அவளுடைய மூன்று ஏக்கரிலும் சூரியகாந்தி விதை ஊன்றி ஒரு வாரம் ஆகியிருந்தது. கிறிஸ்டி அந்த வரப்போரத்தில் இரண்டு இரும்புக் குழாய்களை நட்டு, நடுவில் ஏழு மீட்டர் நீளத்துக்குச் செம்புக் கம்பியை இழுத்துக் கட்டியிருந்தாள். அது சூரியனிலிருந்து வருகிற ரேடியோ அலையைப் பிடிக்கிற ஆன்டெனா. பார்க்கிறவர்கள் கண்ணுக்கு அது துணிக்கொடிதான்.

இருவரும் எட்டாம் வகுப்பு வரை ஒரே பெஞ்சு. ஒருத்தி படித்துப் படித்துத் தென்காசியில் ஒரு கல்லூரியில் இயற்பியல் நடத்தப் போனாள். இன்னொருத்தி புருஷன் செத்த பிறகும் நிலத்தை விடாமல் ஒற்றையாளாக நின்று வெள்ளாமை பார்த்தாள். தென்காசியில் கிறிஸ்டியின் வீட்டு மாடியில் ஆன்டெனா கட்டினால், பக்கத்து வீட்டு மோட்டாரும் தெருவிளக்கும் செல்போன் சார்ஜரும் சேர்ந்து சூரியனைப் பேசவிடாது. அதனால்தான் சிநேகிதியின் வயலைத் தேடி வந்தாள். மோட்டார் ரூமில் ஒரு மூலையைக் கேட்டு வாங்கி, விரல் நீளத்தில் ஒரு ரிசீவரையும் பழைய லேப்டாப்பையும் வைத்துக்கொண்டாள்.

சூரியனைத்தான் தினமும் பார்க்கிறோமே, அதைக் காதால் வேறு கேட்பானேன் என்று வள்ளித்தாய் கேட்டாள். கிறிஸ்டி குற்றாலத்து ஐந்தருவியை வைத்துச் சொன்னாள். ஐந்து பிரிவில் ஒரு பிரிவின் கீழே மட்டும் நின்று குளித்துவிட்டு, மலையில் இவ்வளவுதான் தண்ணீர் என்றால் எப்படி? கண்ணுக்குத் தெரிகிற வெளிச்சம் அந்த ஒரு பிரிவு. அதற்குக் கீழே வெப்பக்கதிர், ரேடியோ; மேலே புற ஊதா, எக்ஸ்ரே. எல்லாம் ஒரே தண்ணீர்தான், விழுகிற இடம் வேறு. வானத்தைப் படிக்கிறவர்கள் எல்லாப் பிரிவிலும் பாத்திரம் வைத்துப் பிடிக்கிறார்கள். கண்ணுக்குச் சூரியன் சாந்தமாக இருக்கிற நேரத்தில் ரேடியோவில் அது கொந்தளித்துக்கொண்டிருக்கும்.

“எங்க அத்தைன்னு சொல்லு” என்றாள் வள்ளித்தாய். “வாசல்ல சிரிப்பா. அடுப்பங்கரையில இடி விழும்.”

ஜூன் இரண்டாவது வாரம் மலையில் மேகம் ஏறியது. குற்றாலத்தில் சாரல் விழுந்தது, வயல் பக்கம் காற்று எழுந்தது. ஒருநாள் உச்சிவேளையில் ரிசீவரில் ஒரு சத்தம் வந்தது. சீறலாக எழும்பி, அடங்கி, மறுபடி எழும்பியது. கிறிஸ்டி ஒலியைக் கூட்டினாள். இந்த வருஷங்களில் சூரியன் மூர்க்கமாக இருக்கிறது என்று எல்லோரும் சொல்லிக்கொண்டிருந்தார்கள். அது தன் கம்பியிலும் வந்து பேசிவிட்டதென்று நினைத்தாள். சூரியனைக் கேட்கிறவர்கள் நாடெங்கும் சேர்ந்து வைத்திருந்த வாட்ஸ்அப் குழுவில் அந்தப் பதிவைப் போட்டுவிட்டாள்.

பத்து நிமிஷத்தில் பதில் வந்தது. இந்தச் சத்தம் நொடிக்குச் சரியாக நூறு தடவை துடிக்கிறது. சூரியனுக்கு அந்தக் கணக்கு தெரியாது. நொடிக்கு ஐம்பது தடவை முன்னும் பின்னும் போய்வருகிற நம்முடைய கரண்ட்டுக்குத்தான் நூறு துடிப்பு உண்டு. அம்மா எதற்கும் பக்கத்தில் உள்ள மின்கம்பியிடம் வாழ்த்துச் சொல்லவும் என்று யாரோ ஒருவர் எழுதியிருந்தார். கீழே நாற்பது பேர் சிரிக்கிற பொம்மை போட்டிருந்தார்கள். வீட்டிலும் அவள் புருஷன் பெலிக்ஸ் விடவில்லை. சாப்பாட்டு மேசையில் ரசத்தை ஊற்றிக்கொண்டே, “சூரியனுக்கு இந்த மாசம் கரண்ட் பில் எவ்வளவு வந்துச்சாம்?” என்று கேட்டார்.

அவமானம் மனுஷரை என்னவெல்லாமோ செய்ய வைக்கும். கிறிஸ்டியை அது ஒரு நிரல் எழுத வைத்தது. நூறு துடிப்பு எங்கே கேட்டாலும் அதைப் பிடித்து வெட்டி எறிந்துவிடும் வடிகட்டி அது. வானத்தைக் கேட்கிறவர்களுக்கு மண்ணிலிருந்து வருவதெல்லாம் குப்பை. குப்பையை ஒதுக்காமல் ஒரு நட்சத்திரத்தையும் கேட்க முடியாது. அந்தத் தொழிலில் முதல் பாடமே அதுதான். லேப்டாப்பில் இடம் போதாததால், வடிகட்டியதும் மூலப் பதிவை அழித்துவிடும்படியும் செய்தாள். சுத்தமான வரைபடம் மட்டும் மிஞ்சும். ஓரத்தில், அன்றைக்கு எத்தனை நிமிஷம் வெட்டியெறிந்தது என்று ஒரு எண் விழும். அந்த எண்ணை அவள் பார்க்கவே இல்லை.

நாற்பது நாள் வரைபடம் கழுவிய தட்டுப் போல வந்தது. நிஜமான சூரியச் சீற்றம் மூன்று அதில் விழுந்தது. கரையில் அலை ஏறி இறங்குகிற ஓசை. குழுவில் போட்டாள். இந்தத் தடவை யாரும் சிரிக்கவில்லை.

ஜூலை மூன்றாவது சனிக்கிழமை மதியம், மாதக் குறிப்பு எழுத உட்கார்ந்தபோதுதான் அந்த ஓரத்து எண்கள் கண்ணில் பட்டன. ஜூன் நடுவில் நான்கு நிமிஷம். பிறகு பதினொன்று. பிறகு நாற்பது. முந்தாநாள் மூன்று மணி நேரம் பத்து நிமிஷம். நடுநடுவே பூஜ்யம் விழுந்த நாட்களும் இருந்தன. அவை எல்லாம் சாரல் பெய்த நாட்கள். மழை நின்று, காற்று மட்டும் அடிக்கிற மணிகளில்தான் அந்தச் சத்தம் கேட்டிருக்கிறது.

கிறிஸ்டி அந்த எண்களை மறுபடி ஓட்டிப் பார்த்தாள். வீட்டு மோட்டாரோ சார்ஜரோ சாரல் பார்த்துச் சத்தம் போடாது. இது வெளியே, காற்றில் ஆடுகிற இடத்தில் இருக்கிறது. நாளுக்கு நாள் வளர்கிறது. கிட்டத்தில் இருக்கிறது.

மோட்டார் ரூமை விட்டு வெளியே வந்தாள். மூன்று ஏக்கரும் பூத்து மஞ்சளாய்க் கிடந்தது. குற்றாலத்தில் குளித்துவிட்டு ஈரத்தலையோடு வருகிற கூட்டம் ரோட்டோரம் காரை நிறுத்தி, பூவுக்குள் புகுந்து படம் எடுத்துக்கொண்டிருந்தது. அவர்கள் தலைக்கு மேலே, வயலின் குறுக்காக, மூன்று கம்பிகள் போயின. ஒரு காற்றாலைக் கம்பெனியின் லைன். காற்றாடிகளில் பிறக்கிற கரண்ட்டைத் துணை மின்நிலையத்துக்குக் கொண்டுபோகிறது. வள்ளித்தாயின் வயலுக்குள் மட்டும் நான்கு கம்பங்கள். கண்ணுக்கு அவற்றில் ஒரு குறையும் தெரியவில்லை.

கிளியை விரட்ட வயல் நடுவே டிரான்சிஸ்டரைப் பாடவிட்டிருப்பது அந்தப் பக்கத்து வழக்கம். வள்ளித்தாயும் ஒரு குச்சியில் கட்டித் தொங்கவிட்டிருந்தாள். அது ஒழுங்காகப் பாடுகிறதா என்று கிறிஸ்டி கேட்டாள்.

“அந்தச் சவம் ஒரு மாசமா மதியமானா கொரகொரங்குது. பாட்டே இல்ல. கிளியெல்லாம் அத ரசிச்சுக் கேட்டுட்டுத் திங்குது.”

கிறிஸ்டி அதை அவிழ்த்து, ஸ்டேஷன் இல்லாத இடத்தில் முள்ளை வைத்து, கம்பிகளுக்கு அடியில் நடந்தாள். முதல் கம்பத்தில் லேசான இரைச்சல். இரண்டாவதில் கூடியது. மூன்றாவது கம்பத்தடியில் கொதிக்கிற எண்ணெயில் கடுகைக் கொட்டினாற்போல் வெடித்தது. பின்னாலேயே வந்த வள்ளித்தாய் அப்படியே நின்றுவிட்டாள்.

கம்பத்தின் உச்சியில், கம்பியைத் தாங்குகிற பீங்கான் இன்சுலேட்டரின் அடியில் ஏதோ ஒரு போல்ட் தளர்ந்திருக்கிறது என்று கிறிஸ்டி சொன்னாள். காற்று ஆட்டும்போது மயிரிழை இடைவெளி விழுகிறது. அதைத் தாண்டி மின்சாரம் பொறியாகக் குதிக்கிறது. ஒவ்வொரு குதிப்பும் கொஞ்சம் இரும்பைத் தின்கிறது. சாரல் நனைத்தால் ஈரமே பாலம் போட்டுவிடும், சத்தம் நின்றுவிடும். அந்தப் பொறி நம் கண்ணுக்கு எட்டாது. ரேடியோவில் மட்டும்தான் கத்துகிறது.

“எத்தன நாளா கத்துது?”

“நாப்பது நாளா.”

“ஒனக்கு இன்னைக்குத்தான் கேட்டுதா?”

கிறிஸ்டி டிரான்சிஸ்டரை அணைத்தாள். “மொத நாளே கேட்டுது வள்ளி. நான்தான் தொடச்சுத் தொடச்சுப் போட்டேன்.”

வள்ளித்தாய் திட்டவில்லை. பூவுக்குள் ஒரு தகப்பன் தன் மகளைத் தோளில் தூக்கிவைத்துக்கொண்டு நிற்பதைப் பார்த்தாள். பிறகு கம்பியைப் பார்த்தாள்.

காற்றாலைக் கம்பெனியில் அந்த லைனைப் பார்க்கிற இன்ஜினியர் கிங்ஸ்லி, பெலிக்ஸுக்குச் சித்தப்பா மகன்; கிறிஸ்டி அவனுக்கு அண்ணி, அவன் வாயில் மைனி. கிறிஸ்டி போன் போட்டதும், மைனி கூப்பிட்டால் வராமல் இருப்பேனா என்று சாயங்காலமே பைக்கில் வந்துவிட்டான். அவன் வருவதற்கு முன்னாலேயே சாரல் வந்துவிட்டது. தொப்பியில் தண்ணீர் சொட்டச் சொட்ட, மூன்றாவது கம்பத்தை பைனாகுலர் வைத்து நாலு பக்கமும் பார்த்தான். இன்சுலேட்டர் முழுசாக இருக்கிறது, கம்பி இருக்கிற இடத்தில் இருக்கிறது என்றான். கிறிஸ்டி டிரான்சிஸ்டரைப் போட்டுக் காட்டினாள். யாரோ ஒருத்தி வெண்டைக்காய்க்குப் பூச்சிமருந்து அடிக்கிற விதத்தை விளக்கிக்கொண்டிருந்தாள், ஒரு கீறல் இல்லாமல்.

காற்றடித்து வெயில் காய்கிற மத்தியானம் வந்து கேள் என்றாள் கிறிஸ்டி. அவன் சிரிக்கவில்லை, நல்ல பையன். பழைய பதிவு இருந்தால் கொடுங்கள், மேலே அனுப்பி நாளைக்கே லைனை நிறுத்தச் சொல்கிறேன் என்றான். அவளிடம் கழுவிய தட்டுத்தான் இருந்தது.

“மைனி, நீங்களே குப்பன்னு அழிச்சுட்டீங்க. இப்ப நான் எதக் காட்டுவேன்? நாளைக்கு ஞாயிறு, ஃபுல் காத்து, ஃபுல் கரண்ட். இந்த நாள்ல லைன நிறுத்தணும்னா கண்ணால பாத்த குத்தம் ஒண்ணு வேணும்.”

“கண்ணால பாத்தா சூரியன் கூட ஒரு மஞ்சத் தட்டுதான்ப்பா.”

“சூரியனுக்கு மேலதிகாரி இல்ல மைனி” என்றான் கிங்ஸ்லி. செவ்வாய்க்கிழமை ஆட்களை ஏற்றிப் பார்க்கச் சொல்கிறேன் என்று வாக்குக் கொடுத்துவிட்டுப் போனான்.

ஞாயிற்றுக்கிழமை வானத்தில் பஞ்சு மேகம்கூட இல்லை. கோயில் ஆராதனை முடிந்து கிறிஸ்டி அதே வெள்ளைச் சேலையோடு வயலுக்கு வந்தாள். காற்று பூக்களை ஒரே பக்கமாகச் சாய்த்துக்கொண்டிருந்தது. வரப்பில் நிற்கும்போதே டிரான்சிஸ்டர் அலறியது.

கண்ணுக்குத் தெரியாத பொறியைச் சொன்னால் யார் நம்புவார்கள் என்று, வள்ளித்தாய் விடியவே எழுந்து வேறு வேலை செய்து முடித்திருந்தாள். வயலுக்குள் இறங்குகிற இடத்தில் கயிறு கட்டி, கயிறு நிறைய வேப்பங்குலையைச் செருகியிருந்தாள். மோட்டார் ரூம் நிலையிலும் ஒரு குலை. அம்மை போட்டிருக்கிற இடம் என்பதற்கு அதைவிட வேறு போர்டு வேண்டாம். உள்ளே யாருக்கு என்று கேட்டால், வேலைக்காரப் பெண்ணுக்கு அம்மா இறங்கியிருக்கிறாள் என்று சொல்லப்போகிறாள். கிறிஸ்டிக்கு அது உறுத்தியது. அப்போதுதான் ஆராதனையிலிருந்து வந்த வாய் வேறு. பொய் சொல்வது நான், நீ வாயை மூடிக்கொண்டு நின்றால் போதும் என்று வள்ளித்தாய் அவளைக் கயிற்றோரம் நிறுத்திவிட்டாள்.

அது வேலை செய்தது. சங்கரன்கோவில்காரர்கள், ராஜபாளையத்துக்காரர்கள், மதுரையிலிருந்து வேன் எடுத்து வந்தவர்கள் எல்லோரும் வேப்பிலையைக் கண்டதும் கன்னத்தில் போட்டுக்கொண்டு பக்கத்து வயலைத் தேடிப் போனார்கள். ஒரு பெண்பிள்ளை செருப்பைக் கழற்றிக் கும்பிட்டுவிட்டுப் போனாள். பதினொன்றரை வரைக்கும் ஒரு ஆளும் உள்ளே இறங்கவில்லை.

இந்தப் பக்கத்துக்காரர்கள் செய்கிற தப்பு அதுதான். மலைக்கு அந்தப் பக்கம், கேரளத்திலிருந்தும் கார் வருகிறது, அவர்களுக்கு இந்தக் குலை என்ன சொல்லும் என்று இருவருக்குமே தோன்றவில்லை. செங்கோட்டை வழியாக வந்த ஒரு புது ஜோடி, வேப்பிலைத் தோரணத்தைத் திருவிழா அலங்காரம் என்று நினைத்து, முதலில் அதன் முன்னாலேயே நின்று ஒரு படம் எடுத்துக்கொண்டார்கள். கிறிஸ்டி போகச் சொன்னதற்குத் தலையாட்டிச் சிரித்தார்கள். பிறகு வயலைச் சுற்றிப் போய் அடுத்த பக்கத்து வரப்பால் இறங்கிவிட்டார்கள். கிறிஸ்டி பார்க்கும்போது இரண்டாவது கம்பத்துக்கும் மூன்றாவது கம்பத்துக்கும் நடுவே, பூ மட்டத்துக்கு மேலே இரண்டு தலைகள் தெரிந்தன.

வள்ளித்தாய் கிளி விரட்டுகிற மூங்கில் கம்பைத் தூக்கிக்கொண்டு, வைதுகொண்டே உள்ளே நடந்தாள்.

அப்போது டிரான்சிஸ்டர் அலறலை நிறுத்தியது.

கிறிஸ்டிக்கு முதலில் வந்தது நிம்மதி. நாற்பது நாள் பழக்கம் அப்படி. இரைச்சல் போனால் நல்லது. ஒரு மூச்சு விட்டாள். அடுத்த மூச்சில் அண்ணாந்து பார்த்தாள். சாரல் இல்லை. காற்று குறையவில்லை. அது ஏன் நிற்க வேண்டும்?

மூன்றாவது கம்பத்தைப் பார்த்தாள். குறுக்குச் சட்டத்தின் ஒரு முனை மொட்டையாக இருந்தது. அங்கே இருந்த இன்சுலேட்டர், கம்பியோடு சேர்ந்து கீழே இறங்கியிருந்தது; பொறி தாண்டிக் குதிக்க அங்கே இனி இரும்பே இல்லை. கம்பி அறுந்துவிழவில்லை. அறுந்திருந்தால் கூடத் துணை மின்நிலையத்தில் ஒரு அபாய மணி அடித்திருக்கும். அது முழுசாகவே, கரண்ட்டோடு, பூக்களின் மேலே தொட்டில் கயிறு மாதிரி தொங்கி ஆடிற்று. வெயிலின் கண்கூச்சத்தில் தெரிந்தும் தெரியாமலும் ஒரு சாம்பல் கோடு. அந்தத் தலைகளுக்கு மேலே இரண்டு முழம் இருந்தால் அதிகம். மாப்பிள்ளை செல்ஃபி குச்சியை ஒவ்வொரு கணுவாக இழுத்து நீட்டிக்கொண்டிருந்தான். வள்ளித்தாய் மூங்கில் கம்பை ஓங்கியபடி அவர்களை நெருங்கிவிட்டாள்.

“ஏட்டி வள்ளி. கம்பக் கீழ போடு. உக்காரு.”

காற்று பாதியைக் கொண்டுபோயிற்று. எட்டாம் வகுப்பு வரை ஒரே பெஞ்சில் உட்கார்ந்தவளின் குரல் மீதிப் பாதியில் போய்ச் சேர்ந்தது. வள்ளித்தாய் ஏன் என்று கேட்கவில்லை, திரும்பிப் பார்க்கவில்லை. கம்பு விழுந்தது. ஆளும் பூவுக்குள் மறைந்துபோனாள்.

ஜோடி அதைப் பார்த்துச் சிரித்தது. இந்த அம்மாள் ஒளிந்து விளையாடுகிறாள் என்று நினைத்தார்களோ என்னவோ, மாப்பிள்ளை அவளையும் சேர்த்துப் படத்தில் பிடிக்கக் குச்சியை உயரத் தூக்கினான். கிறிஸ்டி கத்தினாள். அவளுக்கே தன் குரல் கேட்கவில்லை. குச்சியின் நுனிக்கும் கம்பிக்கும் நடுவே ஒரு ஜாண்தான் இருந்திருக்கும். அப்போது அவன் இடுப்புக்குக் கீழே யாரோ வெட்டினாற்போல மடங்கி விழுந்தான். தரையோடு ஊர்ந்து போன வள்ளித்தாய் அவன் இரண்டு காலையும் சேர்த்து வாரிவிட்டிருந்தாள். அந்தப் பெண் அலறிக்கொண்டு குனிந்தாள். அவளையும் முந்தியைப் பிடித்து இழுத்துக் கீழே போட்டாள்.

பிறகு கொஞ்ச நேரத்துக்குப் பூக்கள் மட்டும்தான் அசைந்தன. ஒரு கோடாக, மெதுவாக, வரப்பை நோக்கி.

மண்ணும் இலையுமாக மூன்று பேரும் வெளியே தவழ்ந்து வந்தார்கள். அந்தப் பெண் மலையாளத்தில் வள்ளித்தாயைத் திட்டினாள், போலீசைக் கூப்பிடுவேன் என்றாள். கிறிஸ்டி பேசாமல் அவள் முகவாயைப் பிடித்துத் திருப்பி, கம்பி தொங்குகிற திசையைக் காட்டினாள். அந்தப் பெண் பார்த்தாள். திட்டிக்கொண்டிருந்த வாய் திறந்தபடியே நின்றது. மாப்பிள்ளை வரப்பில் உட்கார்ந்து வாந்தி எடுத்தான்.

கிறிஸ்டி கூப்பிட்டதும் கிங்ஸ்லி போனை எடுத்தான். “மைனி, இங்கன எல்லாம் நார்மலாத்தான் காட்டுது.”

“நார்மலாத்தான் தொங்குது” என்றாள் கிறிஸ்டி. “கண்ணால பாக்கணும்னு சொன்னியே, படம் அனுப்புதேன். பாத்துக்கோ.”

லைன் நிற்கப் பதினொரு நிமிஷம் ஆயிற்று. அதுவரை இருவரும் ஆளுக்கொரு வரப்பில் நின்று வருகிறவர்களை மறித்தார்கள். இப்போது வேப்பிலை தேவைப்படவில்லை. விரலை நீட்டிக் காட்டினால் போதும், எல்லோரும் நம்பினார்கள்.

புதன்கிழமை காலை வேலை முடிந்தது. முறிந்த போல்ட்டைக் கிங்ஸ்லி கொண்டுவந்து வள்ளித்தாயின் உள்ளங்கையில் வைத்தான். கட்டைவிரல் தடிமன் இருந்த இரும்பு, முறிந்த இடத்தில் பென்சில் முனையாக அரிக்கப்பட்டிருந்தது. கம்பெனியில் அந்த நாற்பது நாள் பதிவைக் கேட்கிறார்கள் என்றான் தலையைக் குனிந்துகொண்டு. கிறிஸ்டி நிமிஷக் கணக்கை மட்டும் எழுதிக் கொடுத்தாள். வேறு இல்லை. வடிகட்டியை ஞாயிற்றுக்கிழமையே எடுத்துவிட்டேன் என்று மட்டும் சொன்னாள்.

பன்னிரண்டு மணிக்கு லைனில் கரண்ட் விட்டார்கள். லேசாகத் தூறிக்கொண்டிருந்தது நின்று, வெயில் அடித்து, காற்று எழுந்தது. மூன்று பேரும் மோட்டார் ரூமில் லேப்டாப்பைச் சுற்றி நின்றார்கள். பத்து நிமிஷம் ஒன்றுமில்லை. கிங்ஸ்லி முகத்தைத் துடைத்துக்கொண்டு, இனிமேல் சூரியனைக் கேளுங்கள் மைனி என்று சிரித்தான்.

அப்புறம் வந்தது. மிக மெலிசாக, சுவருக்கு அந்தப் பக்கம் யாரோ பல்லைக் கடிப்பதுபோல. கிறிஸ்டி திரையில் துடிப்பைக் கணக்குப் பார்த்தாள். நூறு.

அவன் டிரான்சிஸ்டரை வாங்கிக்கொண்டு ஓடிப்போய் நான்கு கம்பத்தடியிலும் வைத்துப் பார்த்தான். நான்கும் சுத்தம். திரும்பி வந்தபோது அவன் சிரிப்பு போயிருந்தது. எந்தப் பக்கம் என்று கேட்டான். ஆன்டெனாவுக்கு அவ்வளவு தெரியாது, நடந்துதான் பார்க்கவேண்டும் என்றாள் கிறிஸ்டி. இந்த லைனில் மொத்தம் எத்தனை கம்பம் என்று வள்ளித்தாய் கேட்டாள்.

“இருநூத்திப் பன்னெண்டு” என்றான்.

“எல்லாத்துக்கும் ஒரே நாள்ல போட்ட போல்ட்டா?”

கிங்ஸ்லி டிரான்சிஸ்டரைத் திரும்பப் போட்டான். வள்ளித்தாய் செருப்பை மாட்டிக்கொண்டாள்.

மூவரும் ரோட்டைத் தாண்டி, கம்பிகளுக்கு அடியிலேயே மேற்கே நடந்தார்கள். ஐந்தாவது கம்பத்தில் ஒன்றுமில்லை. ஆறாவதில் இரைச்சல் ஆரம்பித்து, ஏழாவதை நெருங்க நெருங்க வெடித்தது. ஏழாவது கம்பம் ஒரு பள்ளிக்கூடத்துக் காம்பவுண்டுக்குள் நின்றது. மதியச் சாப்பாட்டு மணி அடித்து, பிள்ளைகள் தட்டுகளோடு வரிசையாக வெளியே வந்து, கம்பத்து நிழலில் இடம் பிடித்துக்கொண்டிருந்தார்கள்.

கிங்ஸ்லி இந்தத் தடவை அண்ணாந்து பார்க்கவில்லை. லைனை நிறுத்தச் சொல்லப் போனை எடுத்துக் காதில் வைத்துக்கொண்டான். கிறிஸ்டியும் வள்ளித்தாயும் அதற்குள் கேட்டைத் திறந்துகொண்டு ஓடிக்கொண்டிருந்தார்கள்.